ஹந்தானை வெட்டிய ஓரம்

கண்டியில் பிடித்த முகிற்படத்தை அதன் ஓரங்களைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். தென்முனை சட்டென்று முடிந்திருக்கும். வடமுனை நீண்டு போய், கிழிந்து கிழிந்து, கடைசியில்தான் ஓயும். கொழும்பில் கடலைப் பார்த்த மாடியொன்றில் இருந்து அதே செய்மதியை அதே நிமிடத்தில் பிடித்தால் இப்படி வராது. அங்கே வானம் கடற்கோட்டிலேயே தொடங்கிவிடுகிறது. கண்டியில் வானம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை மலைதான் சொல்கிறது. வானிலைச் செய்மதியின் சமிக்ஞையை வீட்டிலேயே, கையில் இருக்கும் காசுக்குள், வாங்கிப் படமாக்குவதில் ரசிக்க எத்தனையோ உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஓரம்.

நகரம் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே ஹந்தானை முகடு ஆயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளி 600 மீட்டர் எழும் மலை, பார்ப்பவரின் தொடுவானத்தில் 11 பாகையை அடைத்துவிடும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டிக்குள் மறைந்துவிடுகிற அளவு. ஆனால் செய்மதி 820 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிறது. தடையில்லாத தொடுவானத்தில் அது மறையும் கணத்தில் அதன் நேர்கீழே இருக்கும் இடம் நம்மிடமிருந்து 3000 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால். 11 பாகையிலேயே மறைந்துவிட்டால் அந்தத் தூரம் 2000 கிலோமீட்டர் சொச்சமாகச் சுருங்குகிறது. முட்டியளவு மலைவிளிம்பு இந்து சமுத்திரத்தில் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு முகிலை விழுங்குகிறது! இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது ஹந்தானை மேல் எனக்கு ஒரு புது மரியாதை வந்தது.

கிழக்கே நக்கிள்ஸ் தொடர் ஹந்தானையைவிட மிக உயரமானது. 1800 மீட்டருக்கு மேல் போகிற முகடுகள் அதில் உண்டு. ஆனால் அது இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பதால் மூன்று நான்கு பாகைக்கு மேல் மறைப்பதில்லை. வடக்கே, மாத்தளைப் பக்கம், உங்கள் வீட்டில் இருந்து வானம் 5 பாகையிலேயே திறக்குமானால், படம் 30ஆம் அகலக்கோடு வரை போகும். அதாவது தமிழ்நாடு, தக்காணம், கங்கைச் சமவெளி எல்லாம் கடந்து இமயத்துப் பனி வரை. கண்டியில் ஒரு வீட்டுக் கூரையில் இரண்டு அலுமினியக் குச்சிகளை வைத்துக்கொண்டு இமயத்துப் பனியைத் தொடுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். அம்பிட்டியவில் இருப்பவருக்கும் பஹிரவகந்தைச் சரிவில் இருப்பவருக்கும் கட்டுகஸ்தோட்டையில் ஆற்றோரம் இருப்பவருக்கும் இந்த எல்லைகள் வேறு வேறு. ஒரே ஊருக்குள் வீட்டுக்கு வீடு படத்தின் நீளம் மாறுகிறது. தடையற்ற வெளியில் தலைக்கு மேலாகக் கடக்க ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும் செய்மதி, இங்கே 12 நிமிடத்துக்குள் வந்து போய்விடும்.

இனி அன்டெனாவாகிற அந்தக் குச்சிகளுக்கு வருவோம். இத்தனை எளிய பொருளுக்குள் இத்தனை யோசனை அடங்கியிருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. வானிலைச் செய்மதிகள் 137 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பேசுகின்றன. அந்த அலையின் நீளம் 2 மீட்டர் 18 சென்டிமீட்டர். அதில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவாக, 53 சென்டிமீட்டர் சொச்சத்தில், இரண்டு குச்சிகள். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் அலுமினியக் குச்சியே போதும். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைக்காமல் 120 பாகைக்கு மடக்கி, 'வி' எழுத்துப் போல் ஆக்கி, தரைக்குக் கிடையாகப் படுக்க வைத்து, வாயை வடக்குக்கோ தெற்குக்கோ காட்ட வேண்டும். குரொஷிய வானொலி ஆர்வலர் ஒருவர் பரவலாக்கிய வடிவம் இது.

ஏன் 120? நேராக வைத்த இருதுண்டு அன்டெனாவின் மின்தடுப்பு ஏறக்குறைய 73 ஓம். வாங்கும் கருவி எதிர்பார்ப்பது 50. குச்சிகளை மடக்க மடக்க அது குறைந்துவந்து, 120 பாகையில் ஐம்பதை அண்டி நிற்கிறது. எந்த உபகரணமும் வாங்காமல், வெறும் வளைவால் பொருத்தம் கண்டாயிற்று.

ஏன் கிடையாக? செய்மதியின் அலை சுழன்று சுழன்று இறங்குகிறது. அதை நேர்க்குச்சியால் வாங்கினால் பாதி வலு, 3 டெசிபெல், போய்விடும். சுழற்சிக்கு ஏற்றபடி நான்கு கம்பிகளை முறுக்கிக் கட்டும் அன்டெனாக்கள் இருக்கின்றன. அழகானவை, கட்டக் கடினமானவை. இந்த 'வி' அந்த 3 டெசிபெல்லை விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுத்து வாங்குவது என்ன தெரியுமா? தரையில் இருந்து வரும் வானொலித் தொடர்புகள் பெரும்பாலும் செங்குத்தாக முனைவுற்றவை. கிடையாகக் கிடக்கும் குச்சிகளுக்கு அவை அரைகுறையாகத்தான் கேட்கும். தத்துவப்படி 20 டெசிபெல் வரை, அதாவது நூறில் ஒரு பங்காக, அடங்கிப்போகும். பாதியைக் கொடுத்து நூறு மடங்கு அமைதியை வாங்கும் இந்தப் பேரத்தை நான் எத்தனை தரம் எண்ணிப் பார்த்தாலும் வியப்பு குறைவதில்லை. வடக்கு தெற்காக வைப்பதற்கும் காரணம் அதே அளவு தெளிவு: இந்தச் செய்மதிகள் துருவத்தில் இருந்து துருவத்துக்கு ஓடுகின்றன. அன்டெனாவின் கேட்கும் திறன் அவற்றின் பாதையோடு படுத்திருக்கிறது.

மலையகத்தில் தகரக் கூரை நிறைய. அதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. சரியான உயரம் தெரிந்தால் அது துணை. தகரத்துக்கு மேலே கால் அலைநீளம், அதாவது ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் உயரத்தில் குச்சிகளை வைத்தால், தகரத்தில் பட்டுத் திரும்பும் அலை நேர்அலையோடு கைகோத்து, தலைக்கு மேலான வானத்தை இன்னும் கூர்மையாகக் கேட்க வைக்கும். அதையே இரண்டு மடங்கு உயரத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, உச்சி வானத்திலேயே ஒரு செவிட்டுப் புள்ளி விழும். உயர வைத்தால் நல்லது என்ற பொது நம்பிக்கை இங்கே செல்லாது. ஒரு பீவீசி குழாயும் அளவு நாடாவும் இருந்தால் போதும், லயத்துக் கூரையே எதிரொளிக்கும் தட்டாகிவிடும்.

கேபிளிலும் ஒரு நயம் இருக்கிறது. செய்மதித் தொலைக்காட்சித் தட்டுக்கு இழுக்கிற 75 ஓம் கேபிள் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். 50 ஓம் கருவிக்கு அது பொருந்தாதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: அந்தப் பொருத்தமின்மையால் இழப்பது நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே. பத்து மீட்டர் நீளத்தில் கேபிளே உறிஞ்சிக்கொள்வதும் ஒரு டெசிபெல்லுக்குக் குறைவு. விலை கூடிய கேபிளைத் தேடி அலையத் தேவையில்லை. ஏப்ரல் மாதப் பிற்பகல்களிலும் ஒக்டோபரிலும் கண்டியில் இடி முழங்கத் தொடங்கினால் மட்டும் அந்தக் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது.

கருவி என்பது கட்டைவிரல் அளவான ஒரு யூஎஸ்பி துண்டு. ஐரோப்பாவில் தரைவழி எண்முறைத் தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்தது. அதற்குள் இருக்கும் ரியல்டெக் சில்லை நேராகப் பேச வைத்தால், அது தொலைக்காட்சி என்றில்லாமல் தன் எல்லைக்குள் வரும் எந்த அலையையும் மாதிரிகளாக எடுத்துக் கணினிக்குக் கொடுத்துவிடும் என்பதை 2012இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்துப் பரப்பினார்கள். விநாடிக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். ஒவ்வொன்றும் எட்டு பிட், அதாவது 256 படிகள் மட்டுமே. கண்டியில் இந்தச் சிறு எண் முக்கியம். மலையுச்சிக் கோபுரங்களில் இருந்து எஃப்எம் நிலையங்கள் உரத்துப் பேசுகின்றன. 256 படிகளையும் அவையே நிரப்பிவிட்டால் விண்ணில் இருந்து வரும் சில வாட் சமிக்ஞை நுழைய இடமிருக்காது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையானதைத் தடுக்கும் சிறு வடிகட்டி ஒன்றை இடையில் வைத்தால் திரை துலங்கிவிடும். செலவில் இதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேறொன்றுக்காகச் செய்த பொருளை வானொலிக்குத் திருப்புவது இந்தத் தீவுக்குப் புதிதில்லை. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் ஒலிபரப்பைத் தொடக்கியபோது, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே ஒலிபரப்பியைக் கட்டினார். 1925இல் முறையாகத் தொடங்கிய அந்த நிலையம்தான் பிறகு இலங்கை வானொலியாக வளர்ந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1975இல், கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் வீட்டில் இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் ஒரு தட்டு அன்டெனாவை நிறுவினார்கள். நாட்டில் தொலைக்காட்சியே இல்லாத காலத்தில், ஏடிஎஸ்-6 செய்மதி வழியாக நடந்த தொலைக்காட்சிச் சோதனையின் படம் அதில் நேராக இறங்கியது. அதே சோதனைக்காக இந்தியாவில் 2400 கிராமங்களுக்குப் போன தட்டுகள் கோழிக்கூட்டுக் கம்பிவலையால் செய்தவை. மலிவும் விண்வெளியும் நம் பிராந்தியத்தில் பழைய உறவினர்.

2025 ஆகஸ்ட் வரை இந்தப் பொழுதுபோக்கின் உயிர் ஒரு ஓசையில் இருந்தது. அமெரிக்காவின் நோவா-15, 18, 19 ஆகிய மூன்று செய்மதிகளும் படத்தை ஒலியாகவே அனுப்பின. 2400 ஹெர்ட்ஸ் சீழ்க்கை. வெளிச்சம் கூடினால் சீழ்க்கை உரக்கும், மங்கினால் தாழும். விநாடிக்கு இரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் இரு படங்கள் அருகருகே, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு துடிப்புக் கோவை. முதற் படத்துக்கு 1040 ஹெர்ட்ஸில் ஏழு துடிப்பு, இரண்டாவதற்கு 832இல் ஏழு. அந்த இரண்டின் சுருதி வேறுபாடே காதில் 'டிக்', 'டொக்' என்று மாறி மாறி விழுந்தது. வரி பிரிக்கும் ஒரு தொழில்நுட்பத் தேவை, கேட்பவருக்கு மணிக்கூட்டு நடையாகக் கிடைத்தது! 1963 டிசம்பரில் டைரோஸ்-8 தொடங்கிவைத்த முறை இது. 1998இல் ஏவிய நோவா-15 இருபத்தேழு ஆண்டு தாக்குப்பிடித்துக் கடைசியாக அணைந்ததோடு அந்த ஓசையும் முடிந்தது. முகில் கூடிய இடத்தைத் திரையில் பார்க்கும் முன்பே காதால் உணர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுடைய இழப்பு பெரிது என்றே நினைக்கிறேன்.

இப்போது மிஞ்சியிருப்பவை ரஷ்யாவின் மீட்டியோர்-எம் செய்மதிகள்: 2023 ஜூனில் ஏவிய 2-3, 2024 பெப்ரவரியில் ஏவிய 2-4. இவை எண்களாகப் பேசுகின்றன. காதுக்கு வெறும் இரைச்சல். ஆனால் 4 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளியாக இருந்த படம் 1 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளியாகக் கூர்ந்துவிட்டது. செய்மதி நெருங்கும்போது அலைவெண் 3 கிலோஹெர்ட்ஸ் அளவு கூடித் தெரியும். தலைக்கு மேல் வரும்போது சரியாகி, விலகும்போது அதே அளவு குறையும். சாட்டம்ப் என்ற இலவச மென்பொருள் அந்தச் சறுக்கலை விடாமல் பின்தொடர்கிறது. திரையில் நான்கு புள்ளிக் கூட்டங்கள் முதலில் ஒன்றாய்க் கலங்கிக் கிடக்கும். செய்மதி மலைக்கு மேலே ஏறியதும் நான்காகப் பிரிந்து மூலைக்கொன்றாய் நிற்கும். பிறகு படம், தும்பறைப் பாய் நெய்வதுபோல, எட்டெட்டு வரியாக இறங்கத் தொடங்கும்.

அந்த எட்டு வரிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் விநாடி. அதனாலேயே ஒரு வேடிக்கையான கணக்கு: பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை நம் தீவு 432 கிலோமீட்டர். செய்மதியின் நிழற்புள்ளி தரையில் விநாடிக்கு 6.6 கிலோமீட்டர் ஓடுகிறது. முழு இலங்கையும் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடிய நேரத்தில் திரையில் இறங்கி முடிந்துவிடும்.

ஓரத்தைப் பற்றி முதலில் சொன்னதன் முழு நுட்பமும் இங்கேதான். நோவாவின் படம் மலைக்குப் பின்னால் மறையும்போது கொஞ்சம் கொஞ்சமாக மணல் தூவினாற்போல் மங்கியது. மீட்டியோர் மங்குவதில்லை. அது அனுப்பும் ஒவ்வொரு 255 பைட் தொகுதியிலும் 32 பைட் காவலுக்கென்றே இருக்கிறது. பதினாறு பைட் வரை பிழைத்துப்போனாலும் காவல் பைட்டுகள் அவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். வொயேஜர்-2 விண்கலம் 1986இல் யுரேனஸில் இருந்து படம் அனுப்பியபோது துணைநின்ற அதே வகைக் குறியீடு. பதினாறு வரை குறையே தெரியாது. பதினேழாவது பிழையில் அந்தத் துண்டு முழுதாகப் போய்விடும். போகும் துண்டுக்கும் ஒரு வடிவம் உண்டு: 112 புள்ளி அகலம், எட்டு வரி உயரம், கறுப்புச் செவ்வகம். ஹந்தானைக்குப் பின்னால் செய்மதி இறங்கும்போது முதலில் ஒரு செவ்வகம், பிறகு இரண்டு, பிறகு வரிசையே கறுப்பு. மரங்கள் அடர்ந்த விளிம்பில் மறைந்தால் செவ்வகங்கள் சிதறி விழும். மொட்டைப் பாறைக்குப் பின்னால் போனால் ஒரே வெட்டு. எந்தக் கடப்பு எந்த இடத்தில் மலையைத் தொட்டது என்பதை, பழகிய கண் அந்தக் கறுப்புத் துண்டுகளில் வாசித்துவிடும்.

படத்துக்குள் போனால் நேரம் போவதே தெரியாது. 2800 கிலோமீட்டர் அகலம்: மேற்கே இலட்சத்தீவும் மாலைதீவும், கிழக்கே அந்தமான் வரை. அண்மை அகச்சிவப்பு அலைவரிசையில் தாவரம் வெளுத்தும் நீர் கறுத்தும் விழுவதால், விக்டோரியா நீர்த்தேக்கமும் ரந்தெனிகலையும் மலைகளுக்கிடையே மைத்துளிபோல் தெரிகின்றன. கண்டி மாநகர எல்லை ஏறக்குறைய 28 சதுர கிலோமீட்டர். ஆக முழு நகரமும், தலதா மாளிகையும் சந்தையும் பேருந்து நிலையமும் எல்லாம், இருபத்தெட்டுப் புள்ளிகள். கண்டி வாவிக்கு ஒரு புள்ளி கூடத் தேறாது. இடைப்பருவ மாதங்களில் நண்பகல் தாண்டிய படம் கிடைத்தால், கரையோரம் முழுக்கத் தெளிந்து, உள்நாட்டில் மட்டும் குவிமுகில்கள் முளைத்திருக்கும். கடற்காற்று எவ்வளவு தூரம் உள்ளே நடந்திருக்கிறது என்று விரல் வைத்து அளக்கலாம். தென்மேல் பருவப்பெயர்ச்சியில் மத்திய மலைநாட்டின் முதுகெலும்பில் ஒரு கோடு கிழித்தாற்போல், மேற்குச் சரிவில் தடித்த வெண்மை, ஊவாப் பக்கம் வெறும் தரை. மட்டக்களப்பில் கச்சான் காற்று உலர்ந்து வீசுவதன் காரணம் அந்த ஒற்றைக் கோட்டில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டுப் படித்ததை, தன் வீட்டுக் கூரை வழியாக வந்த படத்தில் பார்க்கும் பிள்ளைக்கு, அந்தப் பாடம் பிறகு மறக்காது. மலையகப் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு 'வி' இருக்க வேண்டும் என்பது என் ஆசை. விலை அதற்குத் தடையே இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கடந்தபோது கண்டி மாவட்டம் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். சரிந்த மலைகளையும் அதில் போன உயிர்களையும் நினைக்கும்போது, ரசனை என்ற சொல்லையே பக்கத்தில் வைக்க மனம் கூசுகிறது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: 1 கிலோமீட்டர் புள்ளியில் எந்தச் சரிவு இறங்கும் என்று தெரியாது. மண்சரிவு எச்சரிக்கை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்தும், மழை எதிர்வுகூறல் வளிமண்டலவியல் திணைக்களத்திடமிருந்தும்தான் வர வேண்டும். அவர்கள் எழும்பிப் போகச் சொன்னால் போக வேண்டும். வீட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு தங்கிவிடக் கூடாது.

ஆனால் அந்த நாட்களில் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் இணையமும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நேரத்தில், மடிக்கணினியின் பற்றரியில் மட்டும் ஓடி, யாருடைய வலையமைப்பையும் நம்பாமல், முகில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும் ஒரு சாதனம் ஊருக்கு ஒன்றாவது இருப்பது நல்லது. செய்மதி எப்போது வரும் என்று கணிக்கும் சுற்றுப்பாதை விபரத்துக்கு இணையம் வேண்டுமே என்று கேட்கலாம். ஒரு வாரம் பழையதாகிவிட்ட விபரமும் சில விநாடிக்கு மேல் பிசகாது. அதனால் ஞாயிறுதோறும் அடுத்த ஏழு நாளின் கடப்பு நேரங்களை, ஒவ்வொன்றின் உச்சப் பாகையோடு, தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைப்பது என் வழக்கம். 30 பாகைக்குக் கீழே போகிறவற்றைச் சாதாரணமாக விட்டுவிடுவேன். மே மாதக் கடைசியில் மட்டும், அரபிக் கடலில் தென்மேல் முகில் திரளத் தொடங்கும்போது, மேற்கே தாழ்ந்து போகும் கடப்புகளையும் சேர்த்து எழுதுகிறேன்.